கொரியாவில் நூறாம் நாள் தொக் கொடுத்தார்கள். டப்பாவை என்ன செய்வது?

கேள்வி: 2024 செப்டம்பர் 2, காலை

சுவோனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கூட வேலை செய்யும் ஒருவர், குழந்தை பிறந்து நேற்றோடு நூறு நாள் என்று எல்லார் மேசையிலும் ஒரு சின்ன டப்பாவை வைத்துவிட்டுப் போனார். உள்ளே வெள்ளையாக, சதுரமாக, இன்னும் சூடு ஆறாத அரிசிக் கட்டி. இனிப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உப்பும் இல்லை. பாட்டி அவிக்கும் புட்டை அழுத்தி வைத்த மாதிரி இருந்தது. போன மாதம் ஒரு கடையில் பார்த்த இன்னொரு வகை அசல் நம் கொழுக்கட்டை. நம்மிடமிருந்து போனதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு கேள்வி: இவ்வளவு வசதி உள்ள ஊரில் ஒரு நல்ல கேக் கொடுக்காமல் ஏன் இது? பதிலுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா, நன்றி சொன்னால் போதுமா?

2024 செப்டம்பர் 2, மாலை

டப்பா விஷயத்தை மட்டும் இப்போது சொல்கிறேன், மற்றது நாளைக்கு.

உங்களுக்குக் கிடைத்தது பெகில் தொக். பெகில் என்றால் நூறு நாள், தொக் என்றால் அரிசியில் செய்யும் பலகாரம். முன்பெல்லாம் தட்டில் வைத்துத்தான் கொடுப்பார்கள். வாங்கியவர் தட்டைக் காலியாகத் திருப்பமாட்டார். ஒரு கட்டு நூலோ, கொஞ்சம் அரிசியோ, காசோ வைத்துத் தருவார். நூல் நீண்ட ஆயுளுக்கு, அரிசி சாப்பாட்டுக்குக் குறை வராமலிருக்க. இப்போது காகித டப்பா, திருப்பித் தரவேண்டியதில்லை. ஒரு ஜோடி குழந்தை சாக்ஸ் அல்லது மெல்லிய கைக்குட்டை நாலைந்து வாங்கிக் கொடுங்கள், தாராளம். அதுவும் முடியாவிட்டால் நேரில் போய், சாப்பிட்டேன், குழந்தை நன்றாக வளரட்டும் என்று சொல்லுங்கள். சாப்பிட்டதைச் சொல்வதுதான் முக்கியம்.

2024 செப்டம்பர் 3

ஏன் கேக் இல்லை என்று கேட்டீர்கள். நானும் 2018 பிப்ரவரியில் இதையே கேட்டேன். தேஜொனில் என் மகளுக்கு நூறு நாள் ஆன சமயம்.

அந்த வெள்ளைக் கட்டியின் பெயர் பெக்சொல்கி. அரிசி மாவு, உப்பு, தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். எதுவும் கலக்காத வெள்ளை என்பதால்தான் குழந்தைக்கு அது. பழைய வழக்கத்தில் குழந்தை பிறந்ததும் வாசலில் வைக்கோல் கயிறு கட்டுவார்கள். ஆண் குழந்தை என்றால் அதில் சிவப்பு மிளகாய், பெண் என்றால் கரியும் பைன் கிளையும். 21 நாள் வெளியார் உள்ளே வரக்கூடாது. 21ஆம் நாள் பெக்சொல்கி அவிப்பார்கள், ஆனால் அது வீட்டுக்குள்ளேயே தீர வேண்டும், வாசலைத் தாண்டக்கூடாது. நூறாம் நாள் அவிப்பது இதற்கு நேர் எதிர், அது வெளியே போயே ஆகவேண்டும். குழந்தைகள் நூறு நாள் தாண்டுவதே நிச்சயமில்லாதிருந்த காலத்தின் வழக்கம் இது. எங்கள் குழந்தை தங்கிவிட்டது என்று ஊருக்குச் சொல்லும் முறை. நூறு வீட்டில் தின்றால் குழந்தைக்கு ஆயுள் கெட்டி என்பார்கள்.

எங்கள் மேல்மாடியில் ஒரு பாட்டி இருந்தார். நாங்கள் அவரை ஹல்மொனி என்றுதான் கூப்பிடுவோம், பாட்டி என்று அர்த்தம். நூறாம் நாள் காலை ஏழு மணிக்கு ஒரு பெரிய தட்டு நிறைய பெக்சொல்கியோடு வந்து நின்றார். மில்லில் சொல்லி வைத்து, விடியற்காலையில் போய் வாங்கியிருக்கிறார். ஆவி பறந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அந்த ஊரில் தெரிந்த குடும்பங்கள் பத்துப் பதினைந்து இருக்கும், அதில் பாதி நம் ஊர் ஆராய்ச்சி மாணவர்கள். நூறு வீட்டுக்கு எங்கே போவது என்று நான் சொன்னதும், கோட்டை மாட்டிக்கொள் என்றார். குழந்தையை என் கணவரிடம் விட்டுவிட்டு அவர் பின்னால் போனேன். கட்டடத்தின் எல்லா வாசல்களும், மருந்துக்கடை, சலவைக்கடை, பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகள், தெருப் பெருக்குகிறவர். ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, இவளுடைய மகளுக்கு இன்று நூறு நாள் என்பார். குளிரில் என் காது மரத்துப்போனது. மத்தியானத்துக்குள் ஐம்பத்திரண்டு ஆயிற்று, அவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். மிச்சத்தை முதியோர் மன்றத்துக்குக் கொண்டுபோய், அங்கே நாற்பத்தெட்டுப் பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று கணக்கை முடித்துவிட்டார்.

சாயங்காலம் எங்கள் வாசலில் என்னென்ன வந்து சேர்ந்தது தெரியுமா? முட்டை ஆறு, சலவைக்கடைக்காரர் கொடுத்த வெள்ளை நூல்கண்டு, மடித்த ஆயிரம் வோன் நோட்டு ஒன்று, ஒரு முள்ளங்கி. கேக் வாங்கியிருந்தால் பத்துப் பேர் நின்று கைதட்டியிருப்போம், அந்த மருந்துக்கடைக்காரருக்கு என் மகள் யாரென்றே தெரிந்திருக்காது. இன்றுவரை அவர் அவளை நூறு நாள் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒன்று விட்டுப்போச்சு. அந்தக் கட்டியைக் கத்தியால் வெட்டவிடவில்லை ஹல்மொனி, சாதம் எடுக்கும் மரக்கரண்டியால் பிய்த்துத்தான் வைத்தார். கத்தி ஆயுளை வெட்டுமாம். இப்போது கடையிலேயே வெட்டி வருகிறது.

வெள்ளை குழந்தைக்கு. மற்ற எல்லா நல்லது கெட்டதுக்கும் சிவப்புப் பயறு தூவிய தொக் போகும்.

2024 செப்டம்பர் 5

கொழுக்கட்டை நம்மிடமிருந்து போனது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிரு என்று அடியில் துளை போட்ட மண் ஆவிச்சட்டி அவர்களிடம் மிகப் பழையது. வட கொரியாவில் அனாக் 3ஆம் கல்லறை என்று ஒன்று, கி.பி. 357ஆம் ஆண்டினது. அதன் சுவர் ஓவியத்தில் ஒரு சமையலறை இருக்கிறது. அடுப்பில் பெரிய சிரு, பக்கத்தில் ஒரு பெண். நெல் விளைகிற இடத்தில் அரிசியை இடித்து ஆவியில் வைக்க யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கை வேலை ஒன்றாக இருப்பது உண்மை. நீங்கள் கடையில் பார்த்தது சோங்பியொன். அரிசி மாவில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, கிண்ணம்போல் குழித்து, எள்ளும் சர்க்கரையும் வைத்து மூடி ஆவியில் வைப்பது. கொழுக்கட்டை மேல்மாவுக்கும் இதேதான். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் இரண்டும் விரிந்துபோகும். முதல் வருஷம் ஹல்மொனி வீட்டில் அந்த மாவைத் தொட்டதும் என் விரலுக்கு வேலை தெரிந்துவிட்டது, வாய்க்குத்தான் மொழி தெரியவில்லை. நான் விளிம்பில் முறுக்குப்போல் மடிப்பு வைத்ததை அவர் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. சோங்பியொனில் உள்ள சோங் என்பது பைன் மரம். பைன் ஊசி இலைகளைப் பரப்பி அதன் மேல் வைத்து அவிப்பார்கள், வாசம் மாவுக்குள் இறங்கும். திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கும்போது குருத்தோலை வாசம் வருமே, அந்த மாதிரி. மரம்தான் வேறு.

2024 செப்டம்பர் 6

இரண்டு திருத்தம். பெக்சொல்கியில் உப்பு உண்டு, மாவின் எடையில் நூற்றுக்கு ஒன்று அளவு. நீங்கள் உப்பே இல்லை என்றது நம் நாக்குப் பழக்கம். மெதுவாக மென்றால் தெரியும்.

அப்புறம் உச்சரிப்பு. தொக் என்று எழுதுகிறேன், ஆனால் முதலெழுத்து நம் "பத்து"வில் வரும் அழுத்தமான த. நமக்கு இது எளிது, மற்ற வெளிநாட்டுக்காரர்கள் திணறுவார்கள். தக்காளித் தொக்கு நினைவுக்கு வந்தால் தவறில்லை, என் வீட்டில் இரண்டையும் சேர்த்தே தின்றிருக்கிறோம்.

2024 செப்டம்பர் 9

வீட்டில் செய்து பார்த்தேன், மணலாக உதிர்ந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்ன மாவு? பாக்கெட்டில் வரும் காய்ந்த மாவாக இருந்தால் அப்படித்தான் ஆகும். எனக்கும் முதல் மூன்று தடவை அப்படியே ஆயிற்று. இணையத்தில் உள்ள பாதிச் செய்முறை இதைச் சொல்வதில்லை, எனக்கு அதில் உண்மையிலேயே கோபம்.

தொக்குக்கு ஈர மாவு வேண்டும். அரிசியை ஏழெட்டு மணி நேரம் ஊறவைத்து, அரை மணி வடியவிட்டு, உப்புச் சேர்த்து அரைப்பது. இடியாப்பத்துக்குப் பச்சரிசி ஊறவைத்து நிழலில் உலர்த்தி மில்லுக்குக் கொண்டுபோவோமே, அதில் உலர்த்துவதை விட்டுவிட வேண்டும். இங்கே பாங்-அக்கான் என்று தெருவுக்குத் தெரு மில் உண்டு, எண்ணெய் ஆட்டுவது, மிளகாய் அரைப்பது, தொக் அவிப்பது எல்லாம் ஒரே இடத்தில். ஊறிய அரிசியை வாளியோடு கொடுத்தால் அரைத்துத் தருவார்கள்.

அரை கிலோ ஈர மாவுக்கு நாலு முதல் ஆறு மேசைக்கரண்டி தண்ணீர். தெளித்துப் பிசறி, கைப்பிடியாகப் பிடித்து உள்ளங்கையில் லேசாகத் தூக்கிப் போட்டுப் பாருங்கள். உடையாமல் நின்றால் பதம். புட்டுக்கு இது அதிக ஈரம், தொக்குக்கு இதுதான் சரி. இரண்டு தடவை சலிக்க வேண்டும், சோம்பல் கூடாது. சர்க்கரையைக் கடைசியில், ஆவியில் வைப்பதற்குச் சற்று முன், 50 கிராம். முன்பே போட்டால் மாவு கட்டிவிடும். ஈரத்துணி விரித்து மாவை அழுத்தாமல் கொட்டி, கொதிக்கிற தண்ணீர் மேல் 20 நிமிஷம், அணைத்துவிட்டு 5 நிமிஷம்.

அரிசி முக்கியம். நம் ஊர்ப் பச்சரிசியில் செய்தால் புட்டுத்தான் வரும், ஏனென்றால் அதில் ஒட்டும் தன்மை குறைவு. கொரிய வீட்டுச் சாதத்துக்கான குண்டு அரிசி வேண்டும். பாயசம்போல் ஒட்டுகிற இன்னொரு அரிசி உண்டு, சப்சல். அது இன்ஜொல்மி மாதிரி இடித்துச் செய்யும் தொக்குக்கு. பெக்சொல்கிக்கு அது வேண்டாம்.

மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மறுநாள் செங்கல்லாகிவிடும். சூடாக இருக்கும்போதே துண்டு துண்டாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள். திரும்ப ஆவியில் காட்டினால் புதுசுபோல் வரும்.

சின்னக் குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் ஒட்டரிசித் தொக்கை முழுசாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இங்கே பாட்டிமார் கத்தரிக்கோலால் சின்னதாக நறுக்கித்தான் தருவார்கள்.

2024 செப்டம்பர் 18

நேற்று சூசொக். எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமி, அறுவடைத் திருநாள். ஹல்மொனி இரண்டு வருஷம் முன் மகன் வீட்டோடு போய்விட்டார், அதே ஊர்தான். காலை பத்து மணிக்கே போய்விட்டோம். அவர் மருமகள் இரண்டு நிறத்தில் மாவு பிசைந்து வைத்திருந்தார். வெள்ளை, அப்புறம் சுக் என்னும் இலை அரைத்துச் சேர்த்த பச்சை. சுக் நம் மரிக்கொழுந்தின் உறவுச் செடி, முகர்ந்தால் உடனே தெரியும்.

சோங்பியொன் ஏன் அரைவட்டம் என்று என் மகள் கேட்டாள். பௌர்ணமிப் பண்டிகையில் முழுநிலா அல்லவா செய்ய வேண்டும்? ஹல்மொனி சொன்ன கதை இது. பழைய கொரியாவில் சில்லா நாட்டுக்குப் போட்டியாக இருந்த பெக்ஜே நாட்டின் கடைசி அரசன் உய்ஜா காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஓர் ஆமை கிடைத்தது. அதன் முதுகில், பெக்ஜே முழுநிலா, சில்லா இளநிலா என்று எழுதியிருந்தது. முழுநிலா தேயப்போவது, இளநிலா வளரப்போவது என்று குறிசொல்பவன் விளக்கினான். அரசன் அவனைக் கொன்றுவிட்டான். 660இல் பெக்ஜே சில்லாவிடம் வீழ்ந்தது. ஆமைக் கதை சம்குக் சாகி என்னும் 1145ஆம் ஆண்டு வரலாற்று நூலில் இருக்கிறது. அதைத் தொக்கோடு சேர்த்தது மக்கள். வளரட்டும் என்று பாதி நிலாவாகப் பிடிக்கிறார்கள்.

அழகாகப் பிடித்தால் அழகான மகள் பிறப்பாள் என்பது எல்லார் வீட்டிலும் சொல்லும் பேச்சு. என் கணவர் பிடித்தது தட்டையாக, வாய் பிளந்து எள் வெளியே வந்துவிட்டது. ஹல்மொனி அதைப் பார்த்துவிட்டு என் மகள் முகத்தையும் பார்த்து, நல்லவேளை குழந்தை முன்னாடியே பிறந்துவிட்டது என்றார். வீடே சிரித்தது.

2024 செப்டம்பர் 19

சைவமா என்று கேட்டவருக்கு: ஆவியில் வைப்பதும் இடிப்பதும் அநேகமாக முழுச் சைவம். புத்தாண்டின் தொக்குக் சூப்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. நாடகங்களில் பார்த்துவிட்டு எல்லாரும் தேடும் தொக்பொக்கியில் மீன் கேக்கும் நெத்திலிச் சாறும் இருக்கும். கேட்டுச் சாப்பிடுங்கள்.

2024 அக்டோபர் 21

கல்யாணம் பற்றித் தனியாகக் கேட்டார்கள், சுருக்கமாக. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஹாம் என்னும் சீர்ப்பெட்டி வரும் நாளில் பெண் வீட்டில் பொங்சித்தொக் அவித்து வைத்துக் காத்திருப்பார்கள். ஒட்டரிசி, இருவரும் ஒட்டியிருக்க. இரண்டு அடுக்கு, தம்பதி இருவர் என்பதற்கு. மேலே நடுவில் ஒரு செஸ்நட், சுற்றி ஏழு உலர்ந்த இலந்தை, பிள்ளைகளுக்காக. பெட்டி வந்ததும் நேரே அந்தச் சட்டியின் மேல் வைப்பார்கள். இப்போது பல வீட்டில் இதை விட்டுவிட்டார்கள், எனக்கு வருத்தம்தான். நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, ஹல்மொனியின் பேத்திக்கு.

2024 நவம்பர் 14

இன்று கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஒரு வாரமாகக் கடைகளில் அழகழகான பெட்டிகளில் ஒட்டரிசித் தொக். கொரிய மொழியில் ஒட்டுவதற்கும் தேறுவதற்கும் ஒரே சொல். அதனால் ஒட்டுகிற பண்டம் கொடுப்பார்கள். கடற்பாசி சூப் வழுக்கும், அதை இன்று யாரும் வைக்கமாட்டார்கள். கீழ்வீட்டுப் பையனுக்கு நானும் ஒரு பெட்டி கொடுத்தேன். அவன் அம்மா கண்கலங்கிவிட்டார். மூன்று வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறோம், அன்றுதான் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

மூன்று நாள் முன்பு, நவம்பர் 11, காரெத்தொக் நாள். நீள நீளமாக வெள்ளைக் குழாய்போல் இருக்குமே, அதுதான் காரெத்தொக். அந்தத் தேதியில் நாலு ஒன்று வருவதால் பிள்ளைகள் குச்சி பிஸ்கட் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே தேதி உழவர் நாளும் ஆகையால், அரிசி விற்கட்டும் என்று 2006இல் வேளாண் அமைச்சகம் இதை அறிவித்தது. பிஸ்கட்தான் இன்னும் அதிகம் விற்கிறது. நான் மகளின் பையில் இரண்டு காரெத்தொக்கும் ஒரு டப்பா தேனும் வைத்து அனுப்பினேன். தேன் டப்பா காலியாக வந்தது.

2024 டிசம்பர் 2

செப்டம்பர் 3 அன்று நான் எழுதிய ஒரு வரி தவறு. "நல்லது கெட்டதுக்கும் சிவப்புப் பயறு தூவிய தொக் போகும்" என்று எழுதியிருக்கிறேன். போகாது. இது தெரியாமல் நானே ஒரு தடவை செய்திருக்கிறேன், அப்படியிருந்தும் எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

சிவப்பு நிறம் பேயை விரட்டும் என்பது நம்பிக்கை. அதனால் புதுவீடு போனால், கடை திறந்தால், சிவப்புப் பயறு தூவிய சிருத்தொக் அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். குழந்தை பிறந்தநாளுக்குச் சோள மாவு (மக்காச்சோளம் அல்ல) உருண்டையைச் சிவப்புப் பயற்றில் புரட்டிக் கொடுப்பார்கள், பத்து வயது வரை. இதையெல்லாம் கற்றுக்கொண்டு, சிவப்பு என்றால் மங்களம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

2019இல் ஹல்மொனியின் கணவருக்குத் திதி. ஜேசா என்பார்கள். நமக்கு இவ்வளவு செய்கிறவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கடையில் சொல்லி ஒரு சட்டி சிருத்தொக் வாங்கிக் கொண்டுபோனேன், மேலே சிவப்புப் பயறு திட்டமாகத் தூவியது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகம் மாறவில்லை. ஆனால் படையல் இருந்த அறைக்குக் கொண்டுபோகாமல் பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினார். இடமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள்தான் படியில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார். சிவப்பு எல்லா ஆவியையும் விரட்டும், பேய் வேறு தாத்தா வேறு என்று அதற்குத் தெரியாது. அது வீட்டுக்குள் இருந்தால் தாத்தா வரமாட்டார். படையலில் வைப்பதானால் தோல் நீக்கிய பயறு, இல்லாவிட்டால் பாசிப்பருப்புத் தூவியது, நிறம் வெளிறியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அறுபது வருஷம் கூட வாழ்ந்தவரை வருஷத்துக்கு ஒரு தரம் வரவேற்கும் நாளில், வாசலில் போய்த் தடுப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டதே என்று. காலையில் மணி அடித்தது. ஹல்மொனி, கையில் அதே சட்டி. உள்ளே வந்து உட்கார்ந்து, அவர் வந்து சாப்பிட்டுப் போய்விட்டார், இப்போது நாம் இதைச் சாப்பிடலாம் என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து பாதிக்கு மேல் தின்றோம்.

அடுத்த வருஷத்திலிருந்து பாசிப்பருப்புத் தொக்தான் கொண்டுபோகிறேன்.

2025 ஜனவரி 30

நேற்றுக் கொரியப் புத்தாண்டு, ஸொல்லால். காரெத்தொக்கைச் சரிவாக வில்லைகளாக நறுக்கிச் சூப்பில் போடுவது தொக்குக். ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயசு கூடும். வயதைக் கேட்பதற்கு, இதுவரை எத்தனை கிண்ணம் சாப்பிட்டாய் என்று கேட்பதுண்டு. கொரியாவில் பிறந்ததும் ஒரு வயது, புத்தாண்டில் இன்னொன்று என்று எண்ணி வந்தார்கள். 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி எல்லாருக்கும் உலக வழக்கப்படியான வயதுதான். என் மகள் இதைச் சொல்லி, கிண்ணத்துக்கு இனி வேலை இல்லை என்றாள். ஹல்மொனி, சட்டம் உன் வயதை எண்ணட்டும், சூப் உன்னை வளர்க்கட்டும், குடி என்றார். இரண்டு கிண்ணம் குடித்தாள்.

நேற்று அங்கே கேட்ட ஒரு கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை. சில்லா நாட்டில், ஐந்தாம் நூற்றாண்டில், பெக்கியொல் என்று ஓர் இசைக் கலைஞர். பெயருக்கு நூறு ஒட்டு என்று பொருள், உடையில் அத்தனை ஒட்டுத் தையல். வருஷக் கடைசி. அக்கம்பக்கத்தில் எல்லாம் உலக்கைச் சத்தம். அவர் மனைவி, எல்லாருக்கும் இடிக்கத் தானியம் இருக்கிறது, நமக்கு மட்டும் இல்லை, எப்படி வருஷம் கழிப்பது என்றாள். அவர் கொமுங்கோ என்னும் யாழை எடுத்து உலக்கைச் சத்தத்தை வாசித்துக் காட்டினார்.

இதைச் சொல்லும்போது ஹல்மொனி கையால் மேசையைத் தட்டித் தாளம் போட்டார். அவருடைய சின்ன வயதில் போர். புத்தாண்டுக்குத் தொக் இல்லாமல் போன வருஷங்கள் அவருக்கு உண்டு. பக்கத்து வீட்டில் இடிக்கிற சத்தம் கேட்டால் அம்மா கதவைச் சாத்திவிடுவாராம்.

2025 பிப்ரவரி 1

பெக்கியொல் கதை பற்றி ஒன்று. சம்குக் சாகியில் அவர் மனைவி சொல்வது தானியம் என்றுதான், தொக் என்று இல்லை. கொரியர்கள் எல்லாரும் தொக் இடிக்கிற சத்தமாகவே சொல்கிறார்கள். வருஷக் கடைசியில் வேறு எதற்கு இடிப்பார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

2025 மார்ச் 8

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. பழைய கொரியாவின் கயா நாட்டு அரசன் சூரோவை மணந்த ராணி ஹொ தமிழ்ப் பெண், கொழுக்கட்டையை அவள்தான் கொண்டுவந்தாள் என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். சம்குக் யூசா என்னும் 13ஆம் நூற்றாண்டு நூல், அவள் அயுதா நாட்டிலிருந்து கடல் வழியே வந்தாள் என்கிறது. அயுதா எது என்பதில் அயோத்தி, ஆய் நாடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவள் கொண்டுவந்ததாக நூல் சொல்வது பட்டு, பொன், மணி போன்றவை, கொழுக்கட்டை அதில் இல்லை.

ஆனால் அதே பகுதியில் தொக் வருகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. சூரோவின் சந்ததியார் ஆண்டுதோறும் அவனுக்குப் படைத்தவை என்று மது, தொக், சோறு, தேநீர், பழம் என ஒரு வரி இருக்கிறது. ஹல்மொனி தன் கணவருக்கு வைக்கிற தட்டில் தேநீரைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே உண்டு. எனக்கு ராணி கதையைவிட இந்த வரி பெரிசு.

2025 மார்ச் 9

என்னைத் திட்டி எழுதியவருக்கு: கொழுக்கட்டையின் பெருமை குறையவில்லை. கொரியாவில் 2021 நவம்பரில் தொக் செய்வதைத் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். வழக்கமாக இந்தப் பட்டியலில் கலையோடு அதில் தேர்ந்த ஒருவரையும் சேர்த்து அறிவிப்பார்கள். இதற்கு யாரையும் குறிப்பிடவில்லை, எல்லா வீட்டிலும் செய்கிறார்கள் என்பதால். செய்வதோடு பங்கிட்டுக் கொடுப்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். விநாயக சதுர்த்திக்கு நம் தெருவில் தட்டுகள் போய்வருவதை யாராவது இப்படி எழுதிவைத்தால் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுவேன்.

2025 மே 20

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்திருக்கிறார்! அதே குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பிறந்தநாள், விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள், என்ன கொண்டுபோவது என்று கேட்கிறார். சாக்ஸ் கொடுத்தீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.

முதல் பிறந்தநாள் தொல். நெருங்கிய உறவினர் குட்டித் தங்க மோதிரம் போடுவார்கள். கூட வேலை செய்கிறவர் என்றால் வெள்ளை உறையில் பணம் போதும், சீராக, இரண்டு கையாலும். மேசையில் பெக்சொல்கி திரும்ப வரும், சிவப்புப் பயறு புரட்டிய சோள உருண்டையும் வரும். எடுக்கச் சொன்னால் இரண்டையும் எடுங்கள். அப்புறம் தொல்ஜாபி. நூல், பணம், எழுதுகோல், புத்தகம் என்று குழந்தை முன் பரப்பிவைப்பார்கள், எதை எடுக்கிறதோ அது அதன் வருங்காலம். இப்போது டாக்டர் குழாயும் மைக்கும்கூட வைக்கிறார்கள். என் மகள் 2018இல் நூலை எடுத்தாள். சலவைக்கடைக்காரர் நூறாம் நாளில் கொடுத்த அதே நூல்கண்டைத்தான் வைத்திருந்தோம்.

2025 மே 26

குழந்தை பணத்தை எடுத்ததாம், பிறகு அதை விட்டுவிட்டுச் சோள உருண்டைத் தட்டை நோக்கித் தவழ்ந்ததாம். சரியான பிள்ளை. சாக்ஸ் கொடுத்திருக்கிறார், சின்னதாகப் போய்விட்டதாகத் தாய் சொன்னாராம். குழந்தை வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2025 ஜூன் 15

நேற்று நாங்கள் வீடு மாறினோம், பழைய இடத்திலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளி. பாங்-அக்கானில் ஒரு சட்டி சிருத்தொக், சிவப்புப் பயறு தூவியது, இருபது துண்டு. மகள்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு மணி அடித்தாள். பன்னிரண்டு வீட்டில் ஒன்பது திறந்தன. மூடியிருந்த மூன்றில் கைப்பிடியில் பையை மாட்டி, 402க்குப் புதிதாக வந்திருக்கிறோம் என்று எழுதி ஒட்டினாள். மூன்றாம் மாடியில் ஓர் உஸ்பெகிஸ்தான் மாணவர் வாங்கி வைத்துக்கொண்டு, இந்த டப்பாவை நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மகள் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். பழைய வீட்டு மருந்துக்கடைக்கு ஒன்று, ஹல்மொனிக்கு இரண்டு. மிச்சம் ஐந்து துண்டு ஃப்ரீசரில் இருக்கிறது.